கதிரைக்காலைக் கடைந்தது யார்?

தமிழ்நாட்டில நாற்காலி என்பார்கள். நாங்கள் கதிரை என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல். மேசையும் அலுமாரியும் அப்படித்தான். கந்தோர் ஒல்லாந்தரிட சொல். கொழும்பில மரவேலைக்காரரையும் மேசனையும் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் ஒல்லாந்து மொழியில தலைவனைக் குறிக்கிற சொல்தான். வீட்டுச் சாமான்களின் பெயர்களை மட்டும் பார்த்தால், எங்களுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்ததே கப்பலில வந்தவர்கள்தான் என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் அந்தக் கதிரையின் உருண்ட கால்களையும் முதுகுப் பக்கத்துக் குச்சிகளையும் செய்கிற வேலைக்குப் பெயர் 'கடைசல்'. இது கப்பலில வந்த சொல் இல்லை. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு இந்த யோசனை வந்தது ஹெந்தளையில உள்ள ஒரு சின்னப் பட்டறையில. அம்மம்மாவின் கதிரையில முதுகுக் குச்சி ஒன்று முறிந்துபோச்சு. அதே மாதிரி ஒன்று கடைந்து தரச் சொல்லிக் கொண்டுபோனேன். மோட்டார் போட்ட பழைய லேத். அதுக்கு முன்னால, இந்தத் தலையில இருந்து அந்தத் தலை வரைக்கும் ஒரு நீளமான இரும்பு, ரெண்டு காலில நிற்குது. கடைகிறவர் உளியை அதுக்கு மேல வைத்துத்தான் மரத்தில பிடிக்கிறார். கடையில வாங்குகிற லேத்தில உளி தாங்குகிற இரும்பு ஒரு அடி நீளம்தானே வரும், இது ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"தம்பி, குட்டையா இருந்தா அரைவாசியில மெஷினை நிப்பாட்டி நகர்த்தணும். நகர்த்தின இடத்தில ஒரு படி விழும். கண்ணுக்குத் தெரியாட்டியும் விரலுக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். சுழலுகிற மரத்தில உளி வெட்டும்போது மரம் உளியைக் கீழே அமுக்கப் பார்க்கும். அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது உளிதாங்கி. தாங்கிக்கும் மரத்துக்கும் இடையில விரல் தடிப்புக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கலாம். கூடினால் உளி நெம்புகோல் மாதிரி திரும்பி, மரத்தைக் கிழித்துவிடும், கையையும் அடிக்கும். பம்பரமோ கிண்ணமோ கடைய ஒரு அடித் தாங்கி போதும். ரெண்டடி, ரெண்டரை அடி நீளமான கதிரைக்காலுக்கும் படிக்கட்டுக் கைபிடிக் குச்சிக்கும் தாங்கியும் அதே நீளத்தில இருந்தால்தான் உளியை ஒரே மூச்சில ஓடவிடலாம். நீளத் தாங்கியை நடுவில ஒரே காலில நிறுத்தினால் ரெண்டு ஓரமும் அதிரும். அதனால்தான் ரெண்டு கால்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த இரும்பில சோக்கட்டியால கோடுகள் போட்டிருந்தார். எந்த இடத்தில மணி, எந்த இடத்தில கழுத்து, எந்த இடத்தில பள்ளம் என்ற அடையாளம். பழைய குச்சியை ஒருதரம் பக்கத்தில வைத்துக் கோடு போட்டால் போதும், பிறகு பத்தென்ன, நூறும் ஒரே மாதிரிக் கடையலாம். ஒரு கதிரையின் அளவு முழுக்க அந்த இரும்பில எழுதியிருந்தது என்று சொல்லலாம்.

மோட்டார் வருவதற்கு முதல் இந்த வேலை எப்படி நடந்தது? இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய கடைசல் நிலத்தோடு நிலமாக நடந்த வேலை. ரெண்டு குட்டைக் கட்டைகளை நிலத்தில நிறுத்துவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு முனை. ரெண்டு முனைக்கும் நடுவில மரத்தைப் பிடித்து, அதில ஒரு கயிற்றைச் சுற்றுவார்கள். ஒருவர் கயிற்றின் ரெண்டு நுனியையும் மாறி மாறி இழுப்பார். கடைகிறவர் எதிரில நிலத்தில குந்தியிருப்பார். மரத்துக்கு முன்னால ஒரு நீளக் கம்பியோ சட்டமோ கிடக்கும். அதுதான் உளிதாங்கி. அது அசையாமல் அவர் கால் விரலால பிடித்துக்கொள்வார். மரம் அவர் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். கயிறு திரும்பி மரம் எதிர்ப்பக்கம் சுழலும்போது உளியை ஒரு மயிரிழை பின்னுக்கு எடுக்க வேண்டும். அடுத்த இழுப்புக்கு மறுபடி முன்னுக்கு. நாள் முழுக்க இப்படி.

இப்ப மோர் கடைகிறதை நினைத்துப் பாருங்கள். மத்தில கயிற்றைச் சுற்றி, ரெண்டு நுனியையும் மாறி மாறி இழுக்கிறார்கள். பாற்கடல் கடைந்த கதையிலும் மலைதான் மத்து, பாம்புதான் கயிறு. மரம் கடைகிறதும் அதே கயிறு, அதே இழுப்பு. மோருக்கும் மரத்துக்கும் தமிழில ஒரே வினைச்சொல் பொருந்துவதற்கு இந்த அசைவே போதும். அழகான பொருளைக் 'கடைந்தெடுத்த மாதிரி' என்று சொல்லும்போதும், கெட்டவனைக் 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்று திட்டும்போதும் நாங்கள் இந்தக் கயிற்றைத்தான் இழுக்கிறோம்.

இந்தக் கயிற்றால சுழன்ற மரம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சுவையான கதை இருக்கு. 17ஆம் நூற்றாண்டில சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தால ஒருவகைக் கதிரை செய்யப்பட்டது. முதுகில வரிசையாகக் கடைந்த குச்சிகள். கால்களும் குறுக்குச் சட்டங்களும் கயிறு முறுக்கின மாதிரி. இந்த முறுக்கு லேத்தில மட்டும் வராது. முதலில மரத்தை உருளையாகக் கடைந்து, அதில சாய்கோடு சுற்றி, பிறகு கையால வெட்டி அரத்தால தேய்க்க வேண்டும். கருங்காலி தண்ணீரில தாழும் மரம். அதில ஒரு குச்சி கடைவதே பெரிய பாடு. ஒரு கதிரைக்கு எத்தனையோ குச்சி.

இந்தக் கதிரைகள் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போயின. 18ஆம் நூற்றாண்டில ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் இவற்றைப் பார்த்தார். எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கர்தினால் வூல்சியின் காலத்துப் பழைய ஆங்கிலக் கதிரைகள் என்று நம்பினார். ஏலத்தில வாங்கி, ஸ்ட்ரோபெரி ஹில் என்ற தன் மாளிகையிலும் வைத்தார். அவரைப் பார்த்து மற்றச் சீமான்களும் தேடித் தேடி வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் இந்த நம்பிக்கை போகவில்லை. இன்றைக்கு லண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில இந்த வகைக் கதிரைகளுக்குப் பக்கத்தில 'சோழமண்டலக் கரை' என்ற இடப்பெயர் இருக்கு. இடத்தின் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. கடைந்தவரின் பெயர் கிடைக்கவில்லை.

அங்கிருந்து கொழும்புக்கு வருவது தூரமில்லை. 1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்களிட கைக்குப் போனது. பாக்கு நீரிணையின் ரெண்டு கரையும் ஒரே கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில ஏறியது. அடுத்த சில வருசத்தில தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும். பசிக்குத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை, ஆயிரக்கணக்கில, ஒல்லாந்தக் கொம்பனி வாங்கி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது. கொம்பனியின் பட்டறைகளில சம்பளத்துக்கு வேலை செய்தவர்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஆங்கிலத்தில முந்தி 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று எழுதின, தமிழில நாங்கள் கொம்பனித்தெரு என்று சொல்லுகிற இடத்தை பஸ்ஸில கடக்கும்போது, ரெண்டு பெயரையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒன்றில முதலாளி இருக்கிறார், மற்றதில அடிமை இருக்கிறார்.

அந்தக் காலத்துத் தளபாடங்களைப் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில 1757இல் திறந்த வூல்வெண்டால் தேவாலயம் இருக்கு. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில, ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ இருந்த வீடு இப்ப ஒல்லாந்தர் அருங்காட்சியகம். அங்கே வட்டமான 'பேர்கோமாஸ்டர்' கதிரையைப் பார்க்கலாம். ஆறு கால், பிரம்பு பின்னின இருக்கை. பேர்கோமாஸ்டர் என்றால் நகரத் தலைவர். அதாவது, அதில உட்கார்ந்தவரின் பதவிதான் கதிரைக்குப் பெயர். அங்கே வூல்சி, இங்கே பேர்கோமாஸ்டர். உட்கார்ந்தவனுக்குப் பெயர், குந்தியிருந்து கடைந்தவனுக்கு இல்லை.

இதை "எல்லாம் தமிழன் செய்தது" என்று நெஞ்சை நிமிர்த்துகிற கதையாக்க நான் வரவில்லை. சோழமண்டலக் கரை என்றால் மசூலிப்பட்டினத்துத் தெலுங்குக் கைகளும் அதில உண்டு. மாத்தளை ஹப்புவிதையில அரக்கு வேலை செய்கிற சிங்களக் குடும்பங்களும், தளபாடத்துக்குப் பேர்போன மொரட்டுவைத் தச்சர்களும் இந்தக் கதையின் ஆட்கள்தான். கொழும்பில பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய நூலில அரசர்களைவிடக் கைவினைஞர்களுக்குத்தான் கூட இடம். கொழும்புத் தமிழ்க் குடும்பத்து மனிதர் ஒருவர் கண்டியின் கடைசல்காரரைப் பற்றி எழுதிவைத்தார். உளியை வைத்து இனப்பெருமை பேசுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

கடைந்தவரின் பெயர் நிற்கவே நிற்காது என்றும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டை என்று ஒரு ஊர். நாகஸ்வரம் அங்கே ஆச்சா மரத்தில கடையப்படுகிறது. ரெண்டடிக்கு மேல நீளம், ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்து வர வேண்டும். கதிரைக்காலின் அதே நீளச் சிக்கல், ஆனால் இங்கே பிழைத்தால் சுருதி போய்விடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதுவரை இருந்த குட்டையான திமிரியைவிட்டு, நீளமான பாரி நாகஸ்வரத்தை ஊரறிய வாசித்தார். அதைச் செய்துகொடுத்தவர் ரங்கநாதன் ஆசாரி என்ற பெயரும் கூடவே நிலைத்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசித்தவரைச் சொல்லும்போது செய்தவரையும் சொல்லுகிற பழக்கம் அந்த ஊரில இருந்தது. கதிரையில உட்கார்ந்தவர்களிடம் அது இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரங்கநாதன் ஆசாரி மாதிரி ஒரு பெயர் நின்றாலும், கயிறு இழுத்தவர்களின் பெயர் எங்கேயும் நிற்கவில்லை. கடைசல் ரெண்டு பேரின் வேலை. உளி பிடித்தவருக்குப் பாஸ் என்ற மரியாதையாவது கிடைத்தது. இழுத்தவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, மனைவி, இல்லாட்டி கூலிக்காரன். மோட்டார் வந்ததும் முதலில காணாமல் போனவர் அவர்தான்.

ரெண்டு நாள் கழித்துக் குச்சி கிடைத்தது. பழையதுக்குப் பக்கத்தில வைத்துப் பார்த்தால் எது புதிது என்று நிறத்தில மட்டும்தான் தெரியுது. காசு கொடுத்த பிறகு, உங்கட பெயரைக் குச்சியின் அடியில எழுதித் தாங்க பாஸ் என்று கேட்டேன். சிரித்தார். "அடி ஓட்டைக்குள்ள போயிடும் தம்பி, யார் பார்க்கப் போறாங்க?" என்றார்.

பரவாயில்லை என்றேன். பென்சிலால எழுதித் தந்தார். கதிரையைப் பூட்டியாச்சு. பெயர் இப்ப வெளியில தெரியாது. ஆனால் இன்னொரு தரம் அது முறிந்தால், கழற்றுகிறவர் வாசிப்பார்.