சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்?

மேப்பில் சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 355 கிலோமீட்டர் காட்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிற தூரத்தைவிடக் குறைவு.

சரி, இதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? எந்த வருஷத்தில் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

1947 டிசம்பர் 10. ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மெட்ராஸ் வந்தது. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது பலாலி ஓடுபாதையைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பாதை அது. டக்கோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஏறி இறங்குவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அங்கிருந்து மெட்ராசுக்கு சுமார் ஒன்றரை மணி நேரம்.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாக மாறியது. வடக்கே சென்னைக்கு வர நினைத்த யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் தெற்கே போக வேண்டியிருந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையம் வரை சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர் பறக்கணும். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர். அதுவும் சாலை திறந்திருந்தால்தான். 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டபோது, கொழும்பு போகவே கப்பலையோ உள்நாட்டு விமானத்தையோ நம்பிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்க இன்னும் பத்து வருஷம் பிடித்தது. 2019 அக்டோபர் 17 அன்று திறப்பு விழா. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏரின் சென்னை சேவை. நாலே மாதத்தில் கொரோனா வந்து நின்றுபோனது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. வருவது ஏடிஆர் 72, மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும் சின்ன விமானம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் வானத்தில் சுமார் ஒரு மணி நேரம்.

இப்போ கூட்டிக் கழித்துப் பாருங்க. எழுபது வருஷ விமானத் தொழில்நுட்பம் இந்தப் பாதையில் மிச்சப்படுத்தியது அரை மணி நேரம். போர் அதில் ஏற்றிவைத்தது ஒரு ராத்திரி பஸ் பயணத்தையும் அதற்கு மேலும். வேகமான விமானம் எப்பவோ வந்துவிட்டது, பாதைதான் திறக்கவில்லை.

இன்னொரு தூரமும் உண்டு. பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து 1990இல் ஜனங்கள் வெளியேற வேண்டி வந்தது. அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். எல்லாருக்கும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காணிக்காரர் ஒருவர் பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சொந்த வீட்டு முற்றத்துக்குத்தான் போக முடியாது.