அட்டையின் பின்பக்கம்

1980களின் கடைசியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது ‘பிக் ஃபன்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். அது ஒரு பபிள்கம். மிட்டாயைவிட அதோடு வந்த சின்ன அட்டைதான் முக்கியம். கவாஸ்கரோ கபில்தேவோ ஸ்ரீகாந்தோ நிற்பார்கள், கூடவே ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும். சேர்த்து வைத்தால் பரிசு. பரிசு வாங்கியவனைவிட ‘இன்னும் நாலு ரன்தான் வேணும்’ என்று அலைந்தவன்தான் எங்க ஊரில் அதிகம்.

எங்க ஊர் சேத்தூர். ராஜபாளையத்துக்குத் தெற்கே, தென்காசி ரோட்டில் இருக்கிறது. மேற்கே மலை, கீழே தென்னந்தோப்பும் வயலும். கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் கிரவுண்டு. வடகிழக்கே பஸ் ஏறினால் சீக்கிரமே சிவகாசி. அங்கே அச்சுத்தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால்தான். ஆகவே எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு அட்டை சேர்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு முந்தின தலைமுறை தீப்பெட்டிப் படம் சேர்த்தது. நாங்கள் கிரிக்கெட் படம் சேர்த்தோம். பிறகு டிரம்ப் கார்டு வந்தது. அதில் படத்தோடு கணக்கும் இருக்கும்: எத்தனை மேட்ச், எத்தனை ரன், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை விக்கெட். ஒருத்தன் ‘ரன்ஸ்’ என்று சொல்வான், யார் அட்டையில் கூடுதலோ அவன் இரண்டு அட்டையையும் எடுத்துக்கொள்வான்.

ஒரு மனிதனின் இருபது வருஷ ஆட்டத்தை நாலு எண்ணாகச் சுருக்கலாம் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த அட்டைகள்தான். அந்தச் சுருக்கத்தில் என்ன விடுபடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

இந்த யோசனை நம்முடையது இல்லை. இங்கிலாந்தில் வில்ஸ் சிகரெட் கம்பெனி 1896இல் 50 கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை வெளியிட்டது. சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை தேவைப்பட்டது. வெறும் அட்டையாக ஏன் இருக்கணும், படம் போட்டால் ஆள் திரும்ப வந்து வாங்குவானே என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து இதே வேலை நடந்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட அட்டைகளில் ஒன்று ஹோனஸ் வாக்னருடையது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடி, லீகின் சிறந்த மட்டையாளர் பட்டத்தை எட்டு முறை வாங்கியவர்.

அவர் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. தன் முகத்துக்குச் சரியான காசு கொடுக்கவில்லை என்று மறுத்தார் என்பது இன்னொரு கதை. எதுவானாலும் மிஞ்சியவை ஐம்பது அறுபதுதான். அதில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.

புகையிலை போய் பபிள்கம் வந்ததும் ஆட்டமே மாறியது. டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனியில் வேலை பார்த்த சை பெர்கர், 1952இல் அட்டையின் முன்பக்கத்தில் படமும் கையெழுத்தும், பின்பக்கத்தில் பிறந்த ஊரும் ஆட்டக் கணக்கும் நாலு வரி வாழ்க்கைக் குறிப்பும் வரும்படி அமைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் விளையாட்டு அட்டைகளின் அச்சு அதுதான். அந்த வருஷம் விற்காமல் தேங்கிய அட்டைகளை, கிடங்கில் இடம் அடைக்கிறது என்று 1960இல் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டியது போக மிஞ்சிய மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனது.

எனக்கு விலையைவிட பின்பக்கத்து நாலு வரிதான் முக்கியமாகப் படுகிறது. எங்க கைக்கு வந்த அட்டைகளில் கணக்குதான் இருந்தது, வாழ்க்கை இல்லை. அதனால் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சிலருக்கு நானே பின்பக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

*

முதல் அட்டை: எம். ஜே. கோபாலன். டெஸ்ட் 1, ரன் 18, விக்கெட் 1.

டிரம்ப் கார்டு ஆட்டத்தில் இந்த அட்டை கைக்கு வந்தால் பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எதைச் சொன்னாலும் தோற்கும். ஆனால் பின்பக்கத்தைப் பாருங்கள். 1909இல் செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். சி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் இவர் பந்துவீச்சைப் பார்த்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கும் வழி பண்ணினார். 1934 ஜனவரியில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் இவர்தான்.

இவர் ஹாக்கியும் ஆடினார். சும்மா இல்லை, தியான் சந்தோடு 1935இல் நியூசிலாந்து போன இந்திய அணியில் இருந்தார். 1936இல் ஒரே நேரத்தில் இரண்டு வழி: பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா? கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் இங்கிலாந்து போன அணி மூன்று டெஸ்ட் ஆடியது. கோபாலனுக்கு ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை.

‘டெஸ்ட் 1’ என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் கழுத்தில் விழாத ஒரு தங்கப் பதக்கம் இருக்கிறது. 2003 வரை, 94 வயது வரை வாழ்ந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவே 1950களில் தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

இரண்டாவது அட்டை: ஏ. ஜி. ராம் சிங். டெஸ்ட் 0.

கோபாலன் முதல் பந்து வீசிய அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, சென்னை 130, மைசூர் 59. முடித்து வைத்தவர் இடதுகைச் சுழல் போட்ட ராம் சிங். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 16க்கு 5. பஞ்சாபிலிருந்து சென்னைக்கு வந்து வேர்விட்ட சீக்கியக் குடும்பம். அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. மகன் கிருபால் சிங் 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக, முதல் டெஸ்டிலேயே 100 நாட் அவுட். இன்னொரு மகன் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். அப்பாவுக்குக் கிடைக்காத தொப்பியைப் பிள்ளைகள் இரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். சர்வதேசக் கணக்கை வைத்துத்தான் அட்டை அச்சாகும் என்றால், ராம் சிங்குக்கு அட்டையே கிடையாது.

*

மூன்றாவது அட்டை: எல். சிவராமகிருஷ்ணன். டெஸ்ட் 9, விக்கெட் 26.

இந்த அட்டையில்தான் நான் ரொம்ப நேரம் நிற்கிறேன்.

பதினாறு வயதில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட். 1983 ஏப்ரலில் ஆண்டிகுவாவில் முதல் டெஸ்ட், அப்போது வயது 17. விக்கெட் விழவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் இங்கிலாந்து வந்தது. பம்பாய் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 64க்கு 6, இரண்டாவதில் 117க்கு 6. இந்தியா ஜெயித்தது. டெல்லியில் மறுபடி 6. அந்தத் தொடரில் மொத்தம் 23. தொடர் தொடங்கும்போது அவருக்கு 19 வயதுகூட முடியவில்லை. 1985 மார்ச்சில் மெல்போர்ன், உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், எதிரே பாகிஸ்தான். நிலைத்து ஆடிக்கொண்டிருந்த மியான்தத் இறங்கி வந்தார், பந்து ஏமாற்றியது, விஸ்வநாத் ஸ்டம்பைத் தட்டினார். டிவியில் அதைப் பார்த்த அண்ணன்மார்கள் எங்க கண்மாயில் அடுத்த இரண்டு வருஷம் லெக் ஸ்பின்னைத் தவிர வேறு எதையும் போட மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 26 விக்கெட்டில் 23 ஒரே தொடரில். மீதி நாலு டெஸ்டில் மூன்றே மூன்று. 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட். இருபது வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 1987 உலகக்கோப்பை அணியில் ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் தொடங்குகிற வயதில் இவர் சர்வதேச ஆட்டம் முடிந்துவிட்டது.

ஏன்? ‘சின்ன வயசுப் புகழ் தலைக்கு ஏறிடுச்சு’ என்று டீக்கடையில் ஒரே வரியில் தீர்ப்பு சொல்வார்கள். அந்த வரி எங்களுக்கு வசதியாக இருந்தது, மேலே யோசிக்க வேண்டாம் பாருங்கள். 2021இல் சிவராமகிருஷ்ணன் சமூக ஊடகத்தில் ஒரு விஷயம் எழுதினார். தோல் நிறத்துக்காக வாழ்நாள் முழுக்க ஒதுக்கப்பட்டதாகவும், அது நம் சொந்த நாட்டிலேயே நடந்ததாகவும். அதைப் படித்த பிறகு என்னால் அந்தப் பழைய தீர்ப்பைச் சொல்ல முடியவில்லை. ஒரு பதினேழு வயதுப் பையன் பெரியவர்கள் நடுவே என்னென்ன கேட்டிருப்பான் என்பதற்கு எந்த அட்டையிலும் கட்டம் இல்லை.

*

நான்காவது அட்டை: கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். டெஸ்ட் 43, ரன் 2062. ஒருநாள் 146, ரன் 4091.

இவரைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கிண்டியில் என்ஜினியரிங் படித்தவர். 1983 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் இவருடையது, அதுவே வெறும் 38. சராசரி முப்பதைத் தொடவில்லை. 1989இல் பாகிஸ்தானுக்குத் தலைவராகப் போனார். டெண்டுல்கர் அறிமுகமான தொடர். நாலு டெஸ்டையும் டிரா செய்து தோற்காமல் திரும்பினார், திரும்பியதும் பதவி போனது. அட்டையில் ‘சராசரி 29’ என்று பார்க்கிற இன்றைய பையனுக்கு, அவர் மட்டையோடு இறங்கினால் தெருவே ஏன் வேலையை விட்டுவிட்டு வந்தது என்று புரியாது.

ஐந்தாவது அட்டை: ராபின் சிங். ஒருநாள் 136, ரன் 2336, விக்கெட் 69. டெஸ்ட் 1.

டிரினிடாடில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, 1987-88இல் ரஞ்சி ஜெயித்த தமிழ்நாட்டு அணியில் ஆடினார். அந்த அணியின் தலைவர் எஸ். வாசுதேவன், இந்தியாவுக்கு ஆடாத இடதுகைச் சுழலர். அதற்குப் பிறகு தமிழ்நாடு அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1989இல் ராபின் சிங் இந்தியாவுக்காக முதலில் ஆடியது பிறந்த மண்ணான டிரினிடாடில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. இரண்டு மேட்ச் முடிந்ததும் வெளியே. மறுபடி கூப்பிட ஏழு வருஷம் ஆனது. 33 வயதில் திரும்பி வந்து, அணியிலேயே நன்றாக ஃபீல்டிங் செய்கிறவராக ஆனார்.

1999 உலகக்கோப்பையில் டான்டனில் இலங்கையோடு நடந்த ஆட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். கங்குலி 183, திராவிட் 145. அதே ஆட்டத்தில் 31 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். ராபின் சிங்.

*

இந்த ஐந்து பேரையும் அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அத்தனை பேரின் ஆட்டமும் சென்னை வழியாகத்தான் போயிருக்கிறது. டிரினிடாடில் பிறந்தாலும் பஞ்சாபிலிருந்து வந்தாலும் சென்னையில் ஒரு கிளப்பில் நின்றால் வழி உண்டு. சேத்தூரில் நின்றால்? லீக் ஆட சென்னை போகணும். தங்க இடம், சாப்பாடு, கிட் வாங்கக் காசு எல்லாம் வேணும். மில் ஷிஃப்டுக்கு நடுவே டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்ட அண்ணன்மார்கள் எங்க பக்கம் எத்தனையோ பேர். அவர்கள் கணக்கை நோட்டில் எழுதக்கூட ஆள் இல்லை. எழுதாத கணக்கு அட்டையாகாது.

அதனால் கடைசி அட்டை எனக்கு ரொம்பப் பிடித்தது. டி. நடராஜன். டெஸ்ட் 1, ஒருநாள் 2, டி20 4.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அம்மா ரோட்டோரம் கோழிக்கறி விற்றவர். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, சென்னை லீகின் நான்காம் டிவிஷனில் ஆரம்பித்தார். 2015இல் ரஞ்சி அறிமுகத்திலேயே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார் வந்தது. கையை மாற்றிப் பழகினார். 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியது. முதல் வருஷமே திண்டுக்கல் அணிக்காக அவர் போட்ட யார்க்கரை ஊர் முழுக்க டிவியில் பார்த்தது. அடுத்த வருஷம் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒருத்தர் ஒருத்தராகக் காயம்பட, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பிரிஸ்பேனில் 2021 ஜனவரியில் இந்தியா ஜெயித்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்.

எண்களை மட்டும் பார்த்தால் இது கோபாலன் அட்டை மாதிரியே இருக்கிறது: டெஸ்ட் 1. டிரம்ப் கார்டு ஆட்டத்தில் இரண்டும் தோற்கும். ஒன்றில், வாசல் வரைக்கும் போனவருக்கு உள்ளே இடம் கொடுக்காத கதை. இன்னொன்றில், வாசல் எங்கே என்றே தெரியாத ஊரிலிருந்து ஒருத்தர் உள்ளே போய் நின்ற கதை. உங்க வீட்டுப் பரணில் பழைய அட்டை ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், குறிப்பாகச் சின்ன எண் போட்ட அட்டையை. அந்தப் பெயரைத் தேடிப் படித்து, பின்பக்கம் காலியாக இருந்தால் நாலு வரி எழுதி வையுங்கள்.