நாமக்கல் பள்ளிகளும் பதினொன்றாம் வகுப்பும்

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. லாரிக்கும் முட்டைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் பெயர்பெற்ற இந்தச் சமவெளி, அடுத்த பத்தாண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் பெயர்பெற்றது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு சுற்றுவட்டாரத்தில் இயங்கிய தனியார் உண்டு உறைவிடப் பள்ளிகளே அதற்குக் காரணம். தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தனர்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வு 2007-இல் நீக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே சேர்க்கையை முடிவு செய்தது. மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கட்-ஆஃப் 200. இதில் ஒரு மதிப்பெண் குறைந்தாலே இடம் கைநழுவக்கூடும். பதினொன்றாம் வகுப்புக்கோ அப்போது பொதுத்தேர்வு இல்லை. எனவே பல பள்ளிகள் அந்த ஆண்டின் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின.

பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளின் கவனம் பல திசைகளில் ஓடும். அதைப் பாடத்தின் பக்கம் ஈர்ப்பது எப்படி என்ற கேள்வியை இந்தப் பள்ளிகள் எழுப்பவே இல்லை. கவனம் சிதற வழியில்லாமல் செய்தன. அதிகாலைப் படிப்பு, தினத்தேர்வு, பிழை வந்தால் மறுதேர்வு, இரவு வரை கண்காணிப்பு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்பதை வினாத்தாள் வடிவமைப்பு முன்கூட்டியே காட்டியதால், கேள்வி கேட்கும் மாணவரைவிட விடையை எழுத்துப் பிசகாமல் எழுதும் மாணவரே அங்கே தேவைப்பட்டார். கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற கேலிப்பெயரும் ஒட்டிக்கொண்டது. கேலி செய்வது எளிது. ஆனால் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளைக்காகக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு, இது கண்ணெதிரே தெரிந்த ஒரே வழியாக இருந்தது.

இழப்பு பின்னர் தெரிந்தது. மோல் கணக்கும் வெக்டரும் பதினொன்றாம் வகுப்பில் வருபவை. அவற்றைத் தொடாமல் வந்த மாணவர் பொறியியல் முதல் பருவத்திலேயே திணறினார். இதே காலத்தில் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலும், ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி முறையும் நடைமுறையில் இருந்தன என்பது வியப்பு. எட்டாம் வகுப்பில் மனவரைபடம் வரைந்து, குழுவாக அமர்ந்து பேசிய பிள்ளை, மூன்றாண்டுகளில் மனப்பாட வரிசையில் வந்து உட்கார்ந்தது.

திருப்பம் 2017-இல் வந்தது. அந்த மே மாதத் தேர்வு முடிவில் மாநில, மாவட்ட முதலிடப் பட்டியல் வெளியிடப்படவில்லை. பள்ளி விளம்பரங்களின் உயிர்நாடியே அந்தப் பட்டியல்தான். மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானதும் அதே ஆண்டில்தான். அது இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்டது. 2017-18 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்கப்பட்டது. ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பது 100 ஆனது. அடுத்த ஆண்டு புதிய பாடநூல்களும் வந்தன.

ஆனால் 2018 செப்டம்பரிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் தேவையில்லை என அரசு அறிவித்தது. தேர்வு இருந்தது, அதன் பிடி தளர்ந்தது. 2025 ஆகத்து மாதம் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் பொருட்டு அந்தப் பொதுத்தேர்வையும் கைவிட்டது. 2007-இல் இருந்ததுபோல் பதினொன்றாம் வகுப்பு மீண்டும் பள்ளியின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது. நீட் எழுதுவோருக்கு அந்தப் பாடங்கள் எப்படியும் வேண்டும். மற்றவர்களுக்கு அவை நடத்தப்படுமா என்பது அந்தந்தப் பள்ளியைப் பொறுத்தது.