அலரி நஞ்சும் எட்டாத முறிமருந்தும்

இதயத் துடிப்புக் கோளாறு என்றால் முதுமையின் நோய் என்றே பலரும் நினைப்பார்கள். நெளுக்குளம், செட்டிகுளம், மதவாச்சி என்று வவுனியாவைச் சுற்றிய ஊர்களுக்கும் அதற்குத் தெற்கேயுள்ள அனுராதபுரத்திற்கும் அந்த நினைப்புப் பொருந்தாது. இந்தப் பக்கத்தில் நாடி தளர்ந்து வார்டுக்கு வந்தவர்களில் ஏராளமானோர் இளவயதினர். காரணம், மஞ்சள் அலரி.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்த மரம் வடக்கில் வேலியோரத்துப் பூமரமாகவும் பூசைப் பூவாகவும் நிலைத்துவிட்டது. 1785இல் வில்லியம் விதரிங் இதய மருந்தாக எழுதி வைத்த டிஜிட்டாலிஸின் இனத்து நஞ்சு இதில் இருக்கிறது. துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவையும், அதை மேலறையிலிருந்து கீழறைக்குக் கடத்தும் கணுவையும் அது தாக்கும். மின் அலை வழியிலேயே தடைபட, நாடி மெல்ல மெல்ல இறங்கும்.

1995இல் அனுராதபுரம் பொது வைத்தியசாலையில் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் நடத்திய ஆய்வு, பதினொரு மாதத்தில் 415 பேர் இந்த நஞ்சோடு அனுமதிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. ஏறத்தாழ பாதிப்பேர் 21 வயதுக்குக் குறைந்தவர்கள். மனவேதனையின் ஒரு கணத்தில் நஞ்சை நாடிய பிள்ளைகள் அவர்களில் பலர். 168 பேரைக் கொழும்பு இதயவியல் நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாளத்தின் வழியே கம்பியைச் செலுத்தித் துடிப்பைத் தாங்கும் தற்காலிக பேஸ்மேக்கர் அங்கேதான் கிடைத்தது. துடிப்பு எந்நேரமும் நின்றுவிடக்கூடிய நிலையில் சுமார் இருநூறு கிலோமீட்டர் அம்புலன்ஸ் பயணம்!

இதற்கு ஒரு முறிமருந்து ஏற்கெனவே இருந்தது. டிஜிட்டாலிஸ் இனத்து டிஜொக்சின் மருந்து மிகையானவர்களுக்காக, செம்மறியாட்டின் உடலில் உருவாக்கிப் பிரித்தெடுத்த பிறபொருளெதிரி அது. அலரி நஞ்சையும் அது பிடித்துக்கொள்ளும். கொழும்பில் 66 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனை 2000இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டு மணி நேரத்திலேயே துடிப்பு முற்றாகச் சீரானது. உப்புநீர் மட்டும் பெற்ற 32 பேரில் இருவருக்கே அப்படி ஆனது.

ஒரு ஏழை நாட்டு வைத்தியத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஆனால் மருந்தின் விலை கிராமத்து ஆஸ்பத்திரிக்கு எட்டவில்லை. 2002இல் நாட்டின் இருப்பு தீர்ந்தது, மரணங்கள் கூடின. அடுத்த ஆண்டு எடில்ஸ்டன் குழு அதே இதழில் எழுதிய கட்டுரை, வாங்கத்தக்க விலையில் முறிமருந்து இல்லாததால் உயிர்கள் போவதை வெளிப்படையாகவே சொன்னது.

மலிவான மாற்றாகக் கரித்தூள் நம்பிக்கை தந்தது. 2003இல் வந்த ஒரு பரிசோதனையில், அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது இறப்பு குறைந்தது. 2008இல் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த பெரிய பரிசோதனையிலோ அந்தப் பலன் தெரியவில்லை. முறிமருந்து இல்லாத வார்டுகளில் மிஞ்சியவை, நாடியை ஏற்றும் அட்ரோப்பின் ஊசியும், கிடைக்கும் இடத்தில் தற்காலிக பேஸ்மேக்கரும்.