மருந்து முந்தியது, மலசலகூடம் பிந்தியது: மாத்தளை மாவட்டத்தில் குடற்புழுக் கட்டுப்பாடு

இலங்கையில் கொழுக்கிப்புழுவுக்கு எதிரான முதல் பெரிய இயக்கம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. அதை நடத்தியது ரொக்கபெல்லர் மன்றத்தின் சர்வதேச சுகாதாரச் சபை. துரைமார் சங்கமும் குடியேற்ற அரசும் துணை நின்றன. கீழை நாடுகளுக்கான பணிப்பாளர் விக்டர் ஹைசர். களப்பொறுப்பு டொக்டர் ஸ்நொட்கிராஸிடம் இருந்தது. அதே மாவட்டத்தின் வடமேற்கில், தம்புள்ளைக்கும் குருணாகலுக்கும் இடையில், கலேவெல இருக்கிறது. அங்குள்ள குளத்துக் கிராமங்கள் அந்த இயக்கத்தின் இலக்கல்ல. ஒரே மாவட்டத்தில் தோட்டத்துக்கு ஒரு நிர்வாகம், கிராமத்துக்கு வேறொரு நிர்வாகம். புழுவை ஒழிக்கும் வேலையும் அந்தக் கோட்டின் வழியே இரண்டாகப் பிரிந்தது என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வருவது.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. ஒன்றரைக் கிழமைக்குள் அதிலிருந்து வரும் குடம்பி தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. வெறுங்காலின் விரலிடுக்கில் அரிப்பாகத் தொடங்குவது குருதி வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கொழுவிக்கொள்கிறது. நெக்கேற்றர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி ஏறத்தாழ 0.03 மில்லிலீட்டர்தான். ஆனால் நூற்றுக்கணக்கில் புழு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தால் அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவளின் உடம்பு தாங்காது. மாத்தளையின் நடுத்தர உயரத்து மலைச்சரிவுகளில் கொக்கோவும் ரப்பரும் தரும் நிழலில் குடம்பி சுகமாக வாழும். நுவரெலியாக் குளிர் அதற்கு ஆகாது. அங்கே வட்டப்புழுவின் ஆட்சி. கலேவெலப் பக்கம் உலர் வலயத்தின் விளிம்பு. ஆண்டில் பல மாதங்கள் காயும் திறந்த வெளி குடம்பிக்கு எதிரி. அந்த ஊர்களின் தீராத துன்பமாக இருந்தது மலேரியா.

மருத்துவ அறிக்கைகள் புழுவைத் தென்னிந்தியாவிலிருந்து 'வந்த' பொருளாகவே எழுதின. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்கள் வயிற்றில் புழுவையும் கொண்டுவந்திருக்கலாம்; மறுப்பதற்கில்லை. ஆனால் நூறு பேருக்கு ஒரு கக்கூஸ்கூட இல்லாத லயத்துக்குப் பின்னால் அந்தப் புழுவைப் பல மடங்காகப் பெருக்கியது யார் என்ற கேள்வி அவ்வறிக்கைகளில் அரிதாகவே தலைகாட்டுகிறது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. துரைமாரைச் சம்மதிக்க வைத்ததும் இரக்கம் அல்ல. சோகை பிடித்தவர் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்தாலும் வேலை நடக்காது என்ற கணக்குதான்.

சிகிச்சை எளிதானதாக இருக்கவில்லை. பேர் எழுதிய சிறு தகரச் சிமிழ் லயம் லயமாகக் கொடுக்கப்படும். மறுநாள் அதை மலத்தோடு திருப்பித் தர வேண்டும். நுணுக்குக்காட்டியில் முட்டை தெரிந்தவர்களுக்கு முந்திய இரவே பட்டினி, விடிந்ததும் தைமோல், பிறகு பேதி உப்பு. எண்ணெய்ப் பண்டமும் சாராயமும் அன்று ஆகாது. அவை தைமோலைக் கரைத்து உடம்பில் ஏற்றி உயிருக்கே உலை வைத்துவிடும். அதற்கு மாற்றாக வந்த கெனோபோடியம் எண்ணெயும் அளவு பிசகினால் நஞ்சு. 1921இல் மொரிஸ் ஹோல் காபன் டெட்ராக்குளோரைட்டின் ஆற்றலை எடுத்துக்காட்டினார். மலிவும் வேகமும் அதைப் பிரபலமாக்கின. உடுப்பின் கறை போக்கப் பயன்பட்ட அந்தத் திரவம் ஈரலைக் கெடுக்கும் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. இத்தனையையும் விழுங்கியவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டதா? கங்காணியின் அதட்டல் காதில் விழும் இடத்தில் 'சம்மதம்' என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

புழு வெளியேறியது, மண் அப்படியே இருந்தது. சில மாதங்களில் அதே கால்கள் அதே சேற்றை மிதித்தன. மலசலகூடம் கட்டாமல் மருந்து கொடுப்பது வீண் என்று மன்றத்தார் வற்புறுத்தினார்கள். துரைமார் செலவைச் சொல்லித் தயங்கினார்கள். தோட்டத்தில் ஒரு குழி வெட்டவும் துரையின் அனுமதி வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு நிலத்தில் உரிமை இல்லை; கேட்டு வாங்கும் அதிகாரமும் இல்லை. மருந்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். மலசலகூடத்துக்கோ நிலம், காசு, தண்ணீர், பராமரிப்பு எல்லாம் வேண்டும். மருந்து முந்தியதன் காரணம் இதுதான்.

அந்தத் தோல்வியிலிருந்து மன்றம் கற்றுக்கொண்டதன் பலன் தோட்டத்துக்கு வெளியேதான் விளைந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு நோயைத் துரத்துவதை விட்டு, ஒரு பகுதியின் பிறப்பு, இறப்பு, குடிநீர், கழிவு எல்லாவற்றையும் ஓர் அலுவலகத்தின் பொறுப்பில் வைக்கும் முறை அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதுவும் வீடு வீடாகப் போகும் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அதிலிருந்து வளர்ந்தவை. கலேவெலக் கிராமத்தவருக்கு மலசலகூடக் குழியின் ஆழத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இந்தப் பரிசோதகர்தான். காணி அவர்களுடையது, குழி வெட்டினார்கள். தோட்டத்திலோ நெடுங்காலம் டிஸ்பென்சரியும் மருந்துக்காரருமே சுகாதாரம்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் வாய்க்காலுக்கு எந்த உள்ளூராட்சி மன்றம் செலவழிக்கும்? வாக்குரிமை திரும்பி வந்த பிறகும் தடை வேறு உருவில் நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதைத் தடுத்தது. அது திருத்தப்பட்டது 2018இல். ஸ்நொட்கிராஸ் மாத்தளைக்கு வந்து அப்போது நூறாண்டு கடந்திருந்தது.

இடையில் மருந்து மட்டும் நன்றாக முன்னேறிவிட்டது. மெபென்டசோல் வந்தபின் பட்டினியும் பேதியும் தேவைப்படவில்லை. 1990களில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும், முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் அது ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. கர்ப்ப காலத்தில் அது குழந்தையைப் பாதிக்குமா என்ற அச்சத்துக்குக் களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வா குழுவினர் இலங்கையில் நடத்திய ஆய்வு விடையளித்தது. 1999இல் வெளியான அந்த முடிவுகள் பல நாடுகளின் கொள்கைக்கு ஆதாரமாயின.

யானைக்கால் நோயின் வரலாறு இதற்கு நல்ல ஒப்பீடு. கலேவெலவுக்கு மேற்கே தொடங்கும் குருணாகல் மாவட்டம் அந்நோய் பரவியிருந்த எட்டு மாவட்டங்களில் ஒன்று. மாத்தளை அதில் இல்லை. 2002 முதல் 2006 வரை அந்த எட்டிலும் டீ.ஈ.சி., அல்பென்டசோல் என்ற இரு மருந்துகளும் ஆண்டுதோறும் ஊர் முழுவதற்கும் வழங்கப்பட்டன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்ததாகச் சான்றளித்தது. அல்பென்டசோல் குடற்புழுவையும் கொல்லும். அந்த வரவு மாவட்ட எல்லைக்கு இப்பால் இருந்த தோட்டங்களுக்குக் கிட்டவில்லை.

2017இன் தேசிய ஆய்வு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் குடற்புழுத் தொற்று ஒரு வீதத்துக்கும் குறைவு என்று கண்டது. தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 9 வீதம். கூட்டு மருந்தூட்டலுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள 20 வீத வரம்புக்கு இரண்டுமே கீழேதான். மாவட்டச் சராசரியை மட்டும் வைத்து மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுத்தால், கலேவெலப் பள்ளிப்பிள்ளையின் நல்ல எண்ணுக்குள் எல்கடுவ மலைச்சரிவின் லயத்துப் பிள்ளை மறைந்துபோகும். ஆகவே மாத்தளையில் அடுத்து எடுக்கப்படும் கணக்கு, தோட்டத்தையும் கிராமத்தையும் தனித்தனி நிரலில் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீரோடு இயங்கும் மலசலகூடங்களின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும்.