முப்பத்து நான்கு நாள் ஹாக்கி

அல்சூர் ஏரியை அறியாத பெங்களூர்த் தமிழர் இலர். அதனை அடுத்தே மதராஸ் பொறியாளர் படையின் மையம் உள்ளது. அப்படையில் சேர்ந்து இந்நகருக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. படைவீடு சென்ற இடமெல்லாம் ஹாக்கியும் உடன் சென்றது. ஆதலின், வளைகோலும் வெண்பந்தும் நம்மவர் பிள்ளைகளுக்குப் புதிய பொருள்களல்ல. ஆயினும், அந்தக் கோலை நம்பி ஒருவன் வாழ முடியுமா என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையில்லை. அவ்விடையைத் தேடிய ஒரு முயற்சியின் வரலாற்றையே இக்கட்டுரை கூற முனைகிறது.

பனித்தரையில் ஆடும் ஹாக்கியைக் கனடா நாட்டினர் முன்னரே தொழிலாக்கிக்கொண்டனர். மாண்ட்ரியல் நகரில் 1917-ஆம் ஆண்டு தேசிய ஹாக்கிக் கழகம் தோன்றியது. அங்கே ஆட்டக்காரனுக்கு ஆட்டமே தொழில். ஊருக்கு ஓர் அணி. அந்த அணிக்கு ஊரே துணை. நம் நாட்டின் நிலை வேறு. 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் நாம் வென்ற எட்டுத் தங்கப் பதக்கங்களும் வேறு வேலை பார்த்து வயிறு வளர்த்தவர்கள் ஈட்டித் தந்தவை. எட்டாவது தங்கத்தை 1980-இல் மாஸ்கோவில் பெற்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் வாசுதேவன் பாஸ்கரன் என்ற தமிழர் என்பது நமக்குப் பெருமை. ரயில்வே, இராணுவம், காவல்துறை, வங்கி ஆகியவையே வீரனுக்குச் சோறிட்டன. அம்முறை நல்லதே, முதுமைக்கும் அது காப்பளித்தது. ஆனால், பார்வையாளனுக்கு ‘என் ஊர் அணி’ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமற் போயிற்று.

அக்குறையை நீக்க 2005-இல் எழுந்தது பிரிமியர் ஹாக்கி லீக். நகரங்களின் பெயரால் அணிகள் அமைந்தன. பெங்களூர் அணியும், ‘சென்னை வீரன்ஸ்’ அணியும் அவற்றுள் இடம்பெற்றன. முதற்பட்டத்தை ஐதராபாத் சுல்தான்கள் வென்றனர். 35 நிமிடம் கொண்ட இரு பாதிகளாக நிகழ்ந்துவந்த ஆட்டத்தைப் பதினேழரை நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக இத்தொடர் பிரித்தது. அன்று இதனைத் தொலைக்காட்சி விளம்பரத்திற்கான தந்திரம் என்று எள்ளியோர் உண்டு. ஆனால், 2014-இல் உலக ஹாக்கிக் கூட்டமைப்பே 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளைத் தன் சர்வதேசப் போட்டிகளுக்கு விதியாக்கிற்று. தொடர் மறைந்தது, அதன் வழக்கம் நிலைத்தது.

அந்த லீக் 2008-உடன் முடிவுற்றது. அவ்வாண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்தியா தகுதி பெறவில்லை. இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு பதவியிழந்தது. 2009-இல் ‘ஹாக்கி இந்தியா’ என்னும் புதிய அமைப்பு பிறந்தது. பழைய அமைப்போ உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஆட்டத்திற்கு இரண்டு தலைமைகள் ஏற்பட்டன.

இப்பூசலுக்கு நடுவே, பழைய கூட்டமைப்பும் நிம்பஸ் நிறுவனமும் இணைந்து ‘உலகத் தொடர் ஹாக்கி’யைத் தொடங்கின. 2012 பிப்ரவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை, 34 நாள்களில், எட்டு அணிகள் 59 ஆட்டங்கள் ஆடின. பெங்களூரைத் தாயகமாகக் கொண்டது ‘கர்நாடகா லயன்ஸ்’. அதன் தலைவர் அர்ஜுன் ஹாலப்பா. அவ்வணியில் நாற்பத்து மூன்று வயதில் மீண்டும் களமிறங்கினார் தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கிர்க்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகி, நான்கு ஒலிம்பிக் கண்டவர் அவர்.

இங்குதான் நமக்கு ஓர் இனிய சங்கடம் நேர்ந்தது. எதிரே ‘சென்னை சீட்டாஸ்’; இப்பக்கம் நாம் வாழும் ஊரின் அணி; அதிலோ நம் மொழி பேசும் தன்ராஜ். பெங்களூர்த் தமிழன் எவருக்குக் கை தட்டுவது? பிறந்த மண்ணுக்கும் வாழும் மண்ணுக்கும் இடையே பகையில்லை என்பதை மேடைச் சொற்பொழிவைக் காட்டிலும் இத்தகைய ஆட்டம் எளிதில் உணர்த்தும். ஊர் அணி என்ற ஒன்று இருந்தாலன்றி அந்த உணர்வுக்கு இடமேது?

கர்நாடக அணி அரையிறுதியை எட்டியது, சென்னை எட்டவில்லை. மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷேர்-ஏ-பஞ்சாப் 5–2 என்ற கணக்கில் புனே அணியை வென்றது. அத்துடன் எல்லாம் முடிந்தது. இரண்டாம் தொடர் நடைபெறவே இல்லை. உலகக் கூட்டமைப்பு இதனை அங்கீகரிக்கவில்லை. நாட்டு அணியில் இடம் வேண்டுமானால் இத்தொடரைத் துறக்க வேண்டும் என்ற நிலை இளைஞர்க்கு ஏற்பட்டது. ஆடியவர்களுள் பலர் ஊதியம் உரிய காலத்தில் வரவில்லை என்று வருந்தினர். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய 12 நாடுகளுள் இந்தியாவுக்குக் கிடைத்தது 12-ஆம் இடம். தலைவர்கள் வழக்காடினர், இழப்பு வீரர்களுக்கு.

இத்தொடர் ஆள் குறைவாலோ ஆற்றல் குறைவாலோ வீழவில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே தலைமை இன்மையால் வீழ்ந்தது. இதற்குச் சான்று பின்வந்த வரலாறு. ஹாக்கி இந்தியா 2013-இல் தொடங்கிய லீக் உலக அங்கீகாரத்துடன் 2017 வரை நடந்தது. இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் எழுந்தது. அப்போது தமிழ்நாட்டுக்கும் ஓர் அணி வாய்த்தது. ஆனால் 2013-இலும் 2024-இலும் பெங்களூருக்கு அணி இல்லை. 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிசிலும் வெண்கலம் வென்ற இந்திய அணி பயிற்சி பெற்றது இதே பெங்களூரின் விளையாட்டு ஆணைய வளாகத்தில். நாட்டுக்கே வீரரைச் செதுக்கித் தரும் பட்டறை இங்குள்ளது. தனக்கென்று ஓர் அணிதான் இந்நகருக்கு இல்லை.

சங்கங்கள் மொழியை வளர்ப்பது போலவே ஊர்ப்பற்றையும் வளர்த்தல் வேண்டும். அல்சூர்ப் பிள்ளை ஒருவன் நாளை கையில் மட்டையுடன் வந்து, ‘இதனால் நான் பிழைக்க முடியுமா?’ என்று கேட்பானாயின், அவனுக்கு 34 நாள் பதில் போதாது. ஆண்டுதோறும் திரும்பி வரும் பதிலாக அது இருத்தல் வேண்டும்.