மாலை 6.06

இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை என்றால் அதற்கென்று நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. 3 மணிக்குத் தொடங்கிய கால்பந்து ஆட்டங்கள் 5 மணிக்குள் முடிந்துவிடும். 5 மணிக்கு பிபிசி வானொலியில் ‘ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்’. 1948ல் தொடங்கிய நிகழ்ச்சி அது. அன்றைய முடிவுகளை வாசிப்பார்கள், நிருபர்கள் பேசுவார்கள், பயிற்சியாளர்கள் பேசுவார்கள், முன்னாள் வீரர்கள் பேசுவார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மழையில் நின்று ஆட்டத்தைப் பார்த்தவன் மட்டும் பேச மாட்டான்!

1990களின் தொடக்கத்தில் அவனுக்கும் ஒரு நேரம் ஒதுக்கினார்கள். மாலை 6 மணி 6 நிமிடம். நிகழ்ச்சியின் பெயரும் அதுதான்: ‘606’.

தொலைபேசியில் நாலு பேர் கத்துவதில் என்ன பெரிய வரலாறு என்று தோன்றலாம். ஆனால் அந்த நாட்களில் இங்கிலாந்தில் கால்பந்து ரசிகன் என்றால் பாதி குற்றவாளி என்றுதான் அர்த்தம். 1985ல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் நெரிசல் ஏற்பட்டு 39 பேர் இறந்தார்கள். அதன்பின் எல்லா ரசிகர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தது தாட்சர் அரசு. அடையாள அட்டை இல்லாமல் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று 1989ல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

அதே 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். முன்னால் கம்பிவேலி, பின்னால் கூட்டம். பலியானவர்கள் 97 பேர், கடைசி மரணம் 2021ல். தவறு காவல்துறையுடையது. ஆனால் நான்கு நாள் கழித்து ‘தி சன்’ பத்திரிகை, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் போட்டது. ‘உண்மை’ என்பதுதான் தலைப்பு! அப்போது ஆசிரியராக இருந்தவர் கெல்வின் மெக்கன்சி. (இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.) அடுத்த ஜனவரியில் நீதிபதி டெய்லர் அறிக்கை வந்தது, அடையாள அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது.

இப்படிப்பட்ட சூழலில்தான் ரசிகனைக் கூப்பிட்டுப் பேச வைத்தது 606. முதல் தொகுப்பாளர் டேனி பேக்கர் லண்டன்காரர், வேடிக்கையான ஆள். தோல்விக்குக் காரணம் கேட்பதைவிட, மைதானத்தில் பார்த்த விசித்திரங்களைக் கேட்பதில்தான் அவருக்கு ஆர்வம். காட்டுமிராண்டிகள் என்று பெயர் வாங்கியவர்கள் நகைச்சுவையாகப் பேசுவதை நாடு கேட்டது. (பின்னாளில், 1997ல், ஒரு நடுவரை வானொலியில் வறுத்தெடுத்ததற்காக அவரை பிபிசி வேலையை விட்டு நீக்கியது. ரசிகன் புத்தி!)

அவருக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் டேவிட் மெல்லர். 1992ல் பதவி விலகும்வரை விளையாட்டுத் துறையும் ஒலிபரப்புத் துறையும் இவர் அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தன. ரசிகனுக்கு அட்டை மாட்டப் பார்த்த அதே கட்சிக்காரர், இப்போது ரசிகனின் புலம்பலுக்குக் காது கொடுத்தார். அதற்குள் செல்பேசியும் பரவிவிட்டதால், வீடு திரும்பும் வழியில் காரிலிருந்தே கூப்பிடலாம். கோபம் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது! சிரிப்பு குறைந்தது, ‘பயிற்சியாளரைத் தூக்கு’ என்பது அதிகமானது. நேயர் எந்த அணி, என்ன சொல்லப்போகிறார் என்பதை நிலையத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் இணைப்பார்கள். நிதானமாகப் பேசுபவரைவிடச் சூடாகப் பேசுபவருக்கே அதில் வாய்ப்பு அதிகம் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அந்தச் சூட்டில் காசு இருப்பதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர்... கெல்வின் மெக்கன்சி! 1998ல் அவர் தலைமையிலான குழு ‘டாக் ரேடியோ’வை வாங்கியது. 2000 ஜனவரியில் அது ‘டாக்ஸ்போர்ட்’ என்ற விளையாட்டுப் பேச்சு வானொலியானது. ரசிகர்கள்மீது பழி போட்ட பத்திரிகையின் ஆசிரியர், ரசிகர்களின் குரலையே விற்கும் கடை திறந்தார். 2005 வரை அதை நடத்தினார்.

ஹில்ஸ்பரோ உண்மையை வெளியே கொண்டுவந்தது வானொலி அல்ல, பலியானவர்களின் குடும்பங்கள். அவர்கள் விடாமல் போராடியதால் 2012ல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்தது, மெக்கன்சியும் மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரலில் நீதிமன்ற ஜூரி, ரசிகர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது.

அதே 2016ல் டாக்ஸ்போர்ட் மீண்டும் கை மாறியது. வாங்கியது ‘தி சன்’னின் உரிமையாளரான ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம்.